மேட்டில் முதல் கியர்

என் புருஷன் லோகேஸ்வரனுக்கு வலது கையில் மாவுக்கட்டு. காஹாங் டவுன் காப்பிக்கடையில் எவனோடோ கட்டிப் புரண்டதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதனால் லோரி ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவது அவன். லைசன்ஸ் எனக்கும் உண்டு. இருந்தாலும் அவனைப் பொறுத்தவரை பிரவீனா என்பவள் ஸ்டியரிங்கைப் பிடிக்க வாய்த்த இன்னொரு கை, அவ்வளவுதான்.

செம்பனைத் தோட்டத்தின் மலைப் பகுதிக்குக் கல் ஏற்றிக்கொண்டு போனோம். மழை அரித்த பாதையில் கொட்டுவதற்கு. எங்கள் லோரி என்னைவிட வயதில் மூத்தது. அப்படிப்பட்ட கிழட்டு டீசல் இஞ்சினைப் பாரத்தோடு மேட்டில் ஏற்றப் பொறுமை வேண்டும். ஏறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடுவில் தடுமாறினால் தொலைந்தோம். அந்த இஞ்சினிடம் நான் காட்டிய பொறுமையில் பாதியை அவன் என்னிடம் காட்டியிருந்தால் நாங்கள் நன்றாகவே வாழ்ந்திருப்போம்.

செங்குத்தான வளைவில் என் கைப்பேசிக்குச் செய்தி வந்து மணியடித்தது. அவன் எடுத்துப் படித்தான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் எனக்கு வேலை உறுதியாம், தங்க இடமும் தருகிறார்களாம்.

“எவன் கூடடி போற?”

“எவன் கூடயும் இல்ல. உங்கள விட்டுப் போறேன்.”

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எத்தனை வருஷம்தான் மூடுவது?

“மேல ஏறட்டும். ஆளில்லாத இடம். அங்கயே உன்னைப் பொதைச்சிடறேன்” என்றான்.

அதுவரைகூட அவனால் பொறுக்க முடியவில்லை. சீட்டுக்கடியில் கிடந்த ஸ்பானரை இடது கையால் எடுத்து என் தொடையில் இறக்கினான். பிறகு முடியைப் பிடித்து முகத்தை ஸ்டியரிங்கில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. என் கால் நழுவியது. இஞ்சின் திணறி நின்றது. கியரில் இருந்தபடியே லோரி பின்னால் உருண்டது. உருண்ட வேகத்தில் இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கித் தானாகவே மறுபடி பிடித்துக்கொண்டது. கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

சத்தம் சரியில்லை. புகைக்குழாயில் புகையே இல்லை. காற்று இழுக்கும் குழாய்தான் கரும்புகை கக்கியது. டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்தம் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. பழைய டீசலுக்கு இந்தக் கோளாறு உண்டு, மேட்டில் பின்னால் உருண்டால் இஞ்சின் எதிர்த்திசையில் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது முதல் கியர் போட்டால் வண்டி பின்னால்தான் போகும்.

“என்னங்க, இஞ்சின் தலைகீழா சுத்துது. அடைச்சு நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். முதல் கியர் போட்டா பின்னால போயிடும்!”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? முதல் கியர் போட்டா பின்னால போகுமாம் லா!”

என் பக்கக் கதவைத் திறந்து இடுப்பில் எட்டி உதைத்தான். கல்லில் விழுந்தேன். கணுக்கால் மளுக்கென்று முறிந்தது எனக்கே கேட்டது. பாதைக்கு ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலைச்சுவர். பின்னால் போனால் பாரத்தோடு லோரி என்மேல் உருண்டு வரும் என்ற பயத்தில் பம்பருக்கு முன்னால் மேட்டை நோக்கித் தவழ்ந்தேன். தவழ்கிற பெண்டாட்டியைப் பார்த்ததும் அவனுக்குப் புது யோசனை வந்துவிட்டது. என் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

“அலமாக், எங்கடி ஓடுற? இங்கயே நசுக்கறேன்!”

“கியர் போடாதீங்க!” என்று அலறினேன். அவன்மேல் இரக்கமெல்லாம் இல்லை, பயத்தில் வாயில் வந்தது அதுதான். நான் கெஞ்சுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். முதல் கியரைத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தான்.

கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் என்மேல் ஏறவில்லை. திறந்தபோது லோரி விலகிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் அழுத்தி மிதித்தான், அது இன்னும் வேகமாகப் பின்னால் பாய்ந்தது. மாவுக்கட்டுக் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. முன்கண்ணாடிக்குப் பின்னால் அவன் குனிந்து கியரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு சொல் அவன் காதில் ஏறியது அப்போதுதான்.

பின்சக்கரங்கள் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டின. கல் முதலில் சரிந்தது. லோரி முகத்தை வானத்துக்குத் தூக்கிவிட்டு மறைந்தது.

கீழே இஞ்சின் வெகுநேரம் அலறிவிட்டு நின்றது. அவன் குரல் வருகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டேன். வரவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் அழுதேன்.