நம்பர் கொடுக்காத சாமி

நீலக்கரையில் கடல் நீலமாக இல்லை. ஜெஞ்சாரோம் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வெகுதூரம் போன பிறகு வந்த அந்தக் கரையில் சேறும் கண்டல் மரங்களும்தான் இருந்தன. தண்ணீர், ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் நிறத்தில் தூரத்தில் கிடந்தது. எனக்கு அதில் குறையில்லை. நான் கடல் பார்க்க வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்க வந்தேன்.

நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் தமிழில் சொல்வதை, அவரே சொல்வது போல மலாயில் சொல்ல வேண்டும். நான் திருடவில்லை. நான் அவளை அடித்தேன், ஆனால் குடித்திருந்தேன். நாள் முழுக்க இப்படி ‘நான், நான்’ என்று சொல்லிவிட்டு, மாலையில் செந்தூல் வீட்டுக்கு வந்தால் அப்பா படித்துக்கொண்டிருப்பார். எதிர் நாற்காலியில் நானும் ஒரு புத்தகத்தோடு உட்காருவேன். சாப்பாட்டு வேளை வந்ததும் அப்பா தொண்டையைச் செருமுவார். அதுவரை இருவரும் ஒரு சொல் பேசுவதில்லை. அதைவிட நல்ல வாழ்க்கை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்பா போன வருடம் இறந்தார். அந்த அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டுக் கிள்ளானில் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள் சந்திரகலா அக்கா. “திங்கக்கிழம ஏஜெண்ட்டு வரான். ஒரு முடிவச் சொல்லு தாமரை. தனியா கிடந்து என்ன பண்ணப் போற?”

முடியாது என்று அப்போதே சொல்லியிருப்பேன். சொல்லவிடாமல் ஒன்று தடுத்தது. அப்பா போனதிலிருந்து, கதவைத் திறந்ததும் நான் முதலில் செய்வது டிவியைப் போடுவது. தூங்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஊரிலுள்ள எல்லாரையும் சத்தக்காரர்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தவள் நான். எனக்குப் பிடித்தது மௌனமா, அல்லது எதிர் நாற்காலியில் அப்பா இருந்த மௌனம் மட்டுமா? அது தெரியாமல் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? வெள்ளி, சனி, ஞாயிறு, யாருமில்லாமல், பேசாமல், புத்தகம்கூட இல்லாமல் இருந்து பார்த்துவிடலாம் என்றுதான் நீலக்கரைக்கு எழுதிப் போட்டேன்.

கிள்ளானிலிருந்து கிராப் வாடகைக் கார் ஓட்டி வந்தவர் கேட்டார். “தனியாவா போறீங்க சிஸ்டர்?”

“ஆமா.”

“ஹஸ்பண்டு அப்புறம் வருவாரா?”

“இல்ல.”

“ஓ.” கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எல்லாம் சரியாப் போயிரும் சிஸ்டர்,” என்றார்.

நீலக்கரை என்ற அந்தத் தியான முகாமை நடத்துபவர் ஜீவன். முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவர். ஒருநாள் இந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஏதோ திறந்துகொண்டதாம். பத்துப் பன்னிரண்டு குடிசைகள், ஒரு சமையல்கூடம், மூங்கில் கொட்டகை, அதில் ஒரு மைக். கைப்பேசியை வாங்கிப் பூட்டினார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ‘மௌனம்’ என்று செதுக்கிய சிறு மரப்பலகை. அது கழுத்தில் இருக்கும்வரை யாரும் நம்மிடம் பேசக்கூடாது. நாம் வாய் திறந்தால் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து மற்றவர்களோடு மனம் விட்டுப் பேச வேண்டும். அந்தத் தண்டனை ஒன்றே போதும், நான் ஊமையாகவே இருந்துவிடுவேன்.

ஆனால் ஜீவனுக்கு அந்த விதி கிடையாது. வெள்ளி மாலை மைக்கில் அவர் மௌனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மௌனம் ஒரு மொழி என்றார். மௌனம் மொழிக்கு அப்பாற்பட்டது என்றார். விளக்கு ஏற்றும் நேரம் வந்தது, கொசு வந்தது, மௌனம் மட்டும் வரவில்லை. நீதிமன்றத்தில் இப்படி ஒருவர் பேசினால் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

சனிக்கிழமை காலை மைக் சத்தம் எட்டாத இடம் தேடி நடந்தேன். கரையோரம் ஒரு பெரிய மரம். அடியில் மஞ்சள் துணி சுற்றிய கல், பக்கத்தில் சிறு சூலம். முனீஸ்வரர். அங்கே வேறு யாரும் உட்காராதது ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடலைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

சனிக்கிழமைகளில் நீலக்கரையில் அன்னதானம் என்பதும் எனக்குத் தெரியாது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் சாப்பிட வருவார்கள். சாப்பிட வருமுன் முனீஸ்வரரைக் கும்பிடுவார்கள்.

முதலில் வந்தது செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர் தம்புசாமி. கூடவே மனைவி குமுதா, கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“அக்கா, சாப்பாடு ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார் தம்புசாமி.

நான் பேசவில்லை. பலகையைத் தொட்டுக் காட்டினேன்.

குமுதா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். “என்னாங்க,” என்றாள் தாழ்ந்த குரலில், “செருப்பக் கழட்டுங்க.”

வாழைப்பழத் தட்டு கல்லுக்கு முன்னால் போகவில்லை. எனக்கு முன்னால் வந்தது.

வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டினேன்.

“அஞ்சு!” என்றார் தம்புசாமி.

இல்லை இல்லை என்று விரலை ஆட்டினேன்.

“ஒண்ணு. குமுதா, மனசுல வச்சுக்க.”

தயவுசெய்து போய்விடுங்கள் என்று கும்பிட்டேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கும்புடறது எத்தன?” என்றாள் குமுதா.

“ரெண்டு கையும் சேந்தா பத்து. பத்துல ஒண்ணு வந்துருச்சு. மிச்சம் சைபர்லா.”

அந்த நேரம் பார்த்துக் கன்னத்தில் கொசு கடித்தது. அடித்தேன். தப்பித்தது. மறுபடி அடித்தேன்.

“ரெண்டு! நாலு நம்பரும் வந்துருச்சு!”

நாலு இலக்க லாட்டரி எடுக்க அவர்கள் நம்பர் கடைக்குப் போன வேகத்தில் செய்தியும் பரவியிருக்க வேண்டும். சாப்பாடு முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் கையெழுத்துப் போடப்போகும் வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்டார். தலையை ஆட்டினால் ஒரு அர்த்தம், ஆட்டாவிட்டால் வேறொரு அர்த்தம். எழுந்து நடந்தால் பின்னால் நடந்தார்கள். மைக்கை விட்டுவிட்டு ஜீவன் ஓடி வந்தார். நிலைமையைச் சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று நம்பினேன். அவர் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார்.

“சிஸ்டர், உங்க எனர்ஜி வேற மாதிரி,” என்று காதருகே சொன்னார். “வாராவாரம் வர முடியுமா? குடிசை ஃப்ரீ.”

அவரைத் திட்ட எனக்கு இரண்டு மொழியில் சொற்கள் தெரியும். பலகையைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்தேன். அதையும் யாரோ எண்ணியிருப்பார்கள்.

ஞாயிறு காலையும் வேறு போக்கிடமில்லாமல் அந்த மரத்தடிக்கே போனேன். தம்புசாமி எனக்கு முன்பே வந்திருந்தார். இம்முறை செருப்போடு.

“என்னக்கா நீங்க? அஞ்சு ஒண்ணு சைபர் ரெண்டு. ஒண்ணுகூடத் தொடல. கன்சலேஷன் பிரைஸ்லகூட இல்ல.”

நான் கடலைப் பார்த்தேன்.

“அவங்கள ஏன் கேக்கறீங்க?” என்றாள் குமுதா. “சக்தி இருந்தா கொசு கடிக்குமா? அப்பவே எனக்குத் தெரியும்.”

“அப்பச் சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க எங்க கேட்டீங்க?” குமுதா குனிந்து வாழைப்பழத் தட்டை எடுத்தாள். அதில் ஒன்றை நான் முந்தின இரவு பசியில் தின்றிருந்தேன். அவள் சீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டோடு போனாள். போகிற வழியில் எதிரே வந்த இரண்டு பேரையும் தம்புசாமி தடுத்துத் திருப்புவது தெரிந்தது. “டூப்பு. போய்ச் சேருங்க.” கொஞ்ச நேரத்தில் ஜீவனும் வந்து பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு யாரும் வரவில்லை.

நான் கேட்டு வந்தது அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. தண்ணீர் வற்றிப் போயிருந்தது. சேற்றில் நண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. பயம் வரும் என்று காத்திருந்தேன். செந்தூலில் டிவியைப் போட வைக்கிற அதே பயம். அது வந்தது. வயிற்றில் கல் போல உட்கார்ந்தது. எழுந்து கொட்டகைக்குப் போய் அந்த மைக்கையாவது கேட்கலாம் என்று இருந்தது. போகவில்லை. வெயில் ஏறியது. மரத்தின் நிழல் என்னைத் தாண்டி நகர்ந்தது, நானும் அதோடு நகர்ந்து உட்கார்ந்தேன். கல் கரைந்ததா என்றால் இல்லை. ஆனால் அது பெரிதாகவும் இல்லை. எப்போதோ ஒரு நேரத்தில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை. செருமியது நான்தான். பசித்திருந்தது. எழுந்து போய்ச் சோறு வாங்கித் தின்றேன்.

மாலையில் அக்கா காரோடு வந்தாள். நான் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய் ஏறினேன்.

“மெலிஞ்சிட்ட. பேசவே விட மாட்டாங்களாமே? பைத்தியம் பிடிக்காது?” பதிலுக்குக் காத்திராமல் கியரைப் போட்டாள். “அங்க ஒரு பொம்பள சாமி இருக்காமே, மௌன சாமி. எங்க ஆபீஸ் குமார் வாட்ஸப்ல போட்டிருந்தான். பாத்தியா? நம்பர் ஏதாச்சும் கொடுத்துச்சா?”

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். செம்பனைகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

“எழுதிக்க,” என்றேன். “ஒண்ணு ஏழு சைபர் ஆறு.”

“ஒண்ணு ஏழு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “அது நம்ம செந்தூல் வீட்டு நம்பர் இல்ல?”

“ஆமா. பதினேழாவது மாடி, ஆறாவது வீடு. நான் அங்கதான் இருக்கப் போறேன். ஏஜெண்ட்ட வர வேணாம்னு சொல்லிடு.”

ஜெஞ்சாரோம் சிக்னலில் சிவப்பு விழ, அக்கா காரை நிறுத்தினாள்.

“ராத்திரியெல்லாம் டிவி போட்டுக்கிட்டுதானே தூங்குற,” என்றாள் பிறகு, என்னைப் பார்க்காமல். “போன்ல கேக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“நிப்பாட்டிப் பாக்கறேன்.”

“முடியலன்னா?”

“முடியலன்னா போட்டுக்கறேன்லா. என் வீடு, என் டிவி.”

அவள் உச்சுக் கொட்டினாள். வியாழக்கிழமை தோறும் மீன் குழம்பு கொண்டு வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஞாயிறும் வருவதாகச் சொன்னாள். சிக்னல் பச்சையானது. நேராகப் போக வேண்டியவள் இடதுபக்கம் திருப்பிக் கடை வரிசையில் காரை நிறுத்தினாள்.

“இங்க எதுக்குக்கா?”

“நம்பர் கடை சாத்தப் போறான்,” என்றாள் அக்கா, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபடி. “ஒண்ணு ஏழு சைபர் ஆறுதானே?”