ஊளையிடுறது

மைராம்குல் அடுத்த படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னது செல்லம்?"

"ஊளையிடுறது," என்றாள் என் மகள் ஐஜிரெக்.

கோடரிக்கு 'வெட்டுறது', கல்லுக்கு 'கெட்டியானது', இப்போது ஓநாய்க்கு இது. மைராம்குல் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவள். எங்களைப் போல கிர்கிஸ்காரிதான், ஆனால் இந்த பிஷ்கெக் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். மூன்றுக்கும் தப்புப் போட்டாள். மழலையர் பள்ளியில், "ரெண்டு பாஷையில புள்ள குழம்புது, வீட்ல ரஷ்ய பாஷை மட்டும் பேசுங்க" என்றிருந்தார்கள். என் ரஷ்ய மொழி சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கத்தான் காணும். குளிர்காலம் முழுக்க மகளிடம் சாப்பிடு, தூங்கு, வா என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். இன்று தாய்மொழியிலும் தேறாவிட்டால், பேச்சு வராத பிள்ளைகளுக்கான தனிப்பள்ளிதான்.

"கிர்கிஸ்லயும் வார்த்தை வரலியே," என்றாள் மைராம்குல்.

"அக்கா, அது அவ தப்பில்ல. நான் சொல்றதத்தான் அவளும் சொல்றா." கதவைப் பார்த்தேன். அது சரியாகச் சாத்தாது. குரலைத் தாழ்த்தினேன். "மத்த ரெண்டும் என் மாமனாரோட அண்ணனுங்க பேர்ல வருது. இது... வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரே, அவரு பேரு. எங்க வழக்கத்துல மாமனார் பேர மருமக நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

மைராம்குல் சிரித்துவிட்டாள். "அட கடவுளே! இத முதல்லயே சொல்லக் கூடாதா? சரி, தெரியுமா தெரியாதாங்கறத விடுங்க. புதுசா சொன்னா புடிச்சுக்குதான்னு பாப்போம். உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் யாரோ. புள்ள உங்க வாயத்தான் பாக்குது, பாருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெளியே மாமனார் இருமினார். நல்ல மனிதர்தான். ஆனால் மூத்த மருமகள் ஒருமுறை வாய் தவறி அவர் பெயரைச் சொல்லிவிட்டாள். அவள் ஊற்றும் தேநீரை இன்றுவரை அவர் தொடுவதில்லை.

"ஓநாய்," என்றேன். காற்றுத்தான் வந்தது.

"ஓநாய்," என்றாள் மகள் உடனே. பிறகு உரக்க, "அம்மா, ஓநாய் ஊளையிடுது! ஓநாய்க்குக் குளிருது, அதோட அம்மா எங்க?" அத்தனை நாள் அடைந்து கிடந்ததெல்லாம் கொட்டியது.

மைராம்குல் பேனாவை வைத்தாள். "இந்த வாயாடிக்கா தனிப்பள்ளி? வீட்ல உங்க பாஷையிலயே பேசுங்க. நிறைய பேசுங்க."

நான் பிடிப்பதற்குள் ஐஜிரெக் படத்தைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"தாத்தா, இது ஓநாய்! அம்மா சொன்னாங்க!"

மாமனார் எழுந்தார். பெஞ்சில் கழற்றி வைத்திருந்த தன் வெள்ளைத் தொப்பியைக் கையில் எடுத்தார். தலையில் வைத்துக்கொண்டு கோபமாகக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை, பேத்தி நீட்டிய படத்தையும் கதவிடுக்கில் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.