துளசியிலுமா?

…துளசியிலும்தான் அப்பா, என்று ஏன் அவ்வளவு சட்டென்று வந்தது, யோசிக்கக்கூட இல்லையே… டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆட்டோ தில்லை நகரைத் தாண்டுவதற்குள் ஹம்ஸாவுக்குத் தன் குரலே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது, பக்கத்தில் அப்பா ஸ்ரீனிவாசராகவன் துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா குடிச்ச கஷாயத்தை யாரு சார் நிறுத்தச் சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "நானேதான் நிறுத்தினேன்" என்ற மனுஷர், அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை… தன் ஆராய்ச்சியைப் பற்றித்தானே அன்று சொன்னாள், கொள்ளிடக் கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் ஆடாதொடை, கீழாநெல்லி, அந்த இலைகளின் மேல் ஒரு கிருமியும் தங்காதபடி மருந்துநீரில் அலசி, நறுக்கித் தட்டில் வைத்தால், சில நாளில் வெட்டிய ஓரத்திலிருந்து வெள்ளையாக, சாம்பலாக, ஒன்று இளஞ்சிவப்பாகக்கூட, இழையிழையாக வெளியே வரும் பூஞ்சைகள், ஒரே இலைக்குள் இத்தனை விதமா என்று அவளுக்கே மலைப்பு… அப்பா இருமலுக்குக் குடித்ததும் அதே ஆடாதொடைக் கஷாயம்தான். "அலம்பினா போகாதோ?" "போகாதுப்பா, உள்ளேயே இருக்கு." அப்புறம், மெல்ல, "துளசியிலுமா?"

மறுநாள் கஷாயம் டம்ளரிலேயே ஆறிக் கிடந்தது, அது போகட்டும், பெருமாள் தீர்த்தத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அதில் மிதந்த துளசியைப் பார்த்தபடி, வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றாரே… அப்போது அவளுக்கு வருத்தமாகவா இருந்தது, இல்லையே, எதையோ ஜெயித்த மாதிரி அல்லவா இருந்தது, அந்தப் பக்கம் போகாதே, துளசியைத் தொடாதே, மாதாமாதம் அந்த மூன்று நாளும் பள்ளிக்கூட வயதிலிருந்து கேட்ட அப்பாவின் குரல், பிஎச்.டி. சேர்ந்த பிறகும் நிற்காத குரல்… சே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், உள்ளதைத்தானே சொன்னாள்…

காவிரிப் பாலத்துக் காற்றில் இருமல் கொஞ்சம் அடங்கியது. "ஹம்ஸா, அந்தப் பூஞ்சை உள்ள இருந்துண்டு இலையை என்ன பண்றது?" என்றார். "பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாதுப்பா. பூச்சி, நோய் வராம காப்பாத்தறதும் உண்டு. இலை அதுக்கு இடம் குடுக்கறது, அவ்வளவுதான்." அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "அப்போ அது அழுக்கு இல்லையே." "இல்லைப்பா." "இதையும் அன்னிக்கே சொல்லியிருக்கலாமோன்னோ?"

குரலில் கோபமில்லை, குற்றம் சாட்டுவதுகூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்லியிருக்கலாம்தான், அன்றைக்கும் இது தெரியுமே, நாக்கு நுனிவரை வந்ததே, அவர் முகம் வாடுவதைப் பார்த்த பிறகுதானே வாயை மூடிக்கொண்டாள்… மறந்துபோச்சுப்பா என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. ஆட்டோ மாம்பழச் சாலையில் திரும்பியது, அப்பா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.