அரசெலியின் எழுபத்து நாலு

நூற்றுக்கு எழுபத்து நாலு என்றால் எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷம் வராது? ஸுனில்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. லம்பாரே ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கூடையோடு நின்று சிப்பா ரொட்டி விற்பவள் அவள். மகள் அரசெலியின் அறிவுத்திறன் சோதனைத் தாள் வந்த அன்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரொட்டி இனாம்.

"எட்டு வயசுல எழுபத்து நாலா! நிச்சயமா உன் புத்தி இல்லடி அது," என்று பக்கத்தில் பழம் விற்கும் எமெரென்சியா சீண்டினாள்.

"பொறாமைப்படாம தின்னுக்கா."

மறுநாளே தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். இது நூற்றுக்கு இத்தனை என்று போடும் மார்க் இல்லையாம். நூறு என்பது அந்த வயதுப் பிள்ளைகளின் நடு அளவாம். அரசெலி அதற்கு மிகவும் கீழே இருக்கிறாளாம். அடுத்த வருஷம் அவள் ஊர்க்கோடியில் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்று உள்ள தனிப்பள்ளிக்குப் போக வேண்டும் என்றார். கொடுத்த ரொட்டி ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து ஸுனில்தாவைக் குத்தியது.

"அம்மா, எழுபத்து நாலு கெட்ட நம்பரா?" என்று கேட்டாள் அரசெலி.

"நம்பர்ல என்னடி நல்லது கெட்டது? போய்க் கையைக் கழுவு," என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மகளைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு, சோதனை நடத்திய மிர்த்தாவின் அறைக்குப் போனாள். மிர்த்தா வழக்கம்போல ஐஸ் மிதக்கும் தண்ணீர் ஜாடியும், இலைத்தூள் நிரப்பிய மாட்டுக்கொம்புக் குவளையுமாக உட்கார்ந்து தெரெரே என்னும் குளிர்ந்த இலைப்பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, எம்பொண்ணை மக்குன்னு எழுதிட்டீங்களே! எந்த பஸ் எப்ப வரும்னு நானே இவகிட்டத்தான் கேட்டுக்கறேன். இவளா மக்கு?" என்று ஆரம்பித்து, ரொட்டிக் கதையையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்தாள்.

"மக்குன்னு நான் எழுதலையே, ஸுனில்தா. அந்த ஒரு நம்பரையே பார்க்காதீங்க. வார்த்தை, ஞாபகம் ரெண்டும் மத்த பிள்ளைங்க அளவுக்கு இருக்கு. கடிகாரம் வெச்சுப் பார்க்கற வேலைதான் விழுந்துடுச்சு. கட்டையை அடுக்கும்போது பாதியில கையை எடுத்துடறா. அது மொத்தத்தையும் கீழ இழுத்துடுச்சு."

சொல்லிக்கொண்டே குவளையை உறிஞ்சி முடித்து மேசையில் வைத்தார். அரசெலி சட்டென்று எழுந்து, ஜாடியிலிருந்து ஊற்றி நீட்டினாள். மிர்த்தா பார்க்காமலே வாங்கிக் குடித்தார். இருப்பவர்களில் சிறியவர் ஊற்றுவதும், குடிப்பவர் நன்றி சொல்லிப் போதுமென்று நிறுத்தும்வரை குவளை காலியாக இருக்கக் கூடாது என்பதும் இங்கே தாய்ப்பாலோடு வருவது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது குவளையில் மிர்த்தாவின் கை அப்படியே நின்றது.

"அரசெலி... அன்னைக்குச் சோதனையிலயும் நீதான் ஊத்தினியா?"

"ஆமா. நீங்கதான் நன்றியே சொல்லலையே."

மிர்த்தா முகத்தை மூடிக்கொண்டார். "கடிகாரத்தை ஓடவிட்டுட்டு, பிள்ளையைத் தண்ணி ஊத்த வெச்சிருக்கேன். அப்புறம் கவனம் சிதறுதுன்னு நாலு இடத்துல எழுதியிருக்கேன். தப்பு என்னோடது, ஸுனில்தா."

"அப்ப நம்பரை மாத்தி எழுதிக் குடுங்க."

"அப்படி எழுத முடியாது. அளக்கணும். இதையே உடனே திரும்ப வெச்சா, பழகின கை மார்க்கை ஏத்திடும். வேற சோதனை இருக்கு. அது முடியறவரைக்கும் இவளை வேற பள்ளிக்கு மாத்தாதீங்கன்னு பள்ளிக்கு இப்பவே கடிதம் தரேன்."

இரண்டாம் சோதனையன்று ஜாடியும் குவளையும் வெளியே ஸுனில்தாவின் மடியில் இருந்தன. நல்ல வெயில். இரண்டு மணி நேரத்தில் ஐஸ் முழுக்கக் கரைந்து, ஜாடிமேல் வேர்த்த நீர் அவள் பாவாடையை நனைத்தது. அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. உள்ளே மகள் என்ன செய்கிறாளோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து மிர்த்தா தாளை நீட்டினார். "தொண்ணூத்தாறு. பள்ளியும் சரின்னுடுச்சு, இவ அங்கேயே படிக்கலாம். ஆனா இதுக்கும் ரொட்டியை வாரி வழங்கிடாதீங்க. இதுவும் ஒரு நாள் காலையில அளந்ததுதான். உங்க பொண்ணு மொத்தமும் இந்தத் தாள்ல இல்ல."

ஸுனில்தா கூடைத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்த அரசெலி என்ன செய்வதென்று தெரியாமல் ஜாடிப் பக்கம் கையை நீட்டினாள். மிர்த்தா முந்திக்கொண்டார்.

"இன்னைக்கு நான் ஊத்தறேன். நீ குடி."

பெரியவர் ஊற்றிச் சிறியவள் குடிப்பதா? அரசெலி திருதிருவென்று அம்மாவைப் பார்த்தாள்.

"வாங்கிக்கோடி, தங்கம்," என்றாள் ஸுனில்தா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அரசெலி இரண்டு கையாலும் வாங்கி, அடி வரை சத்தம் வர உறிஞ்சினாள். நன்றி சொல்லவில்லை. இன்னொன்றுக்குக் குவளையை நீட்டினாள்.