பச்சை மட்டும் வரும் குழு

கண்ணாடி அறையில் அன்று காலை இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கத்தில், சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பெனியின் முதலாளி. அவருக்கு வலப்பக்கம் அவருடைய தம்பி. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் சின்னவர். இடப்பக்கம் முதலாளியின் மனைவி, கணக்கு வழக்கு பார்ப்பவள், மடியில் ஒரு கோப்புடன். கதவோரத்தில், சக்கரம் கழன்ற நாற்காலியில், ஒரு காலை ஊன்றிச் சமாளித்தபடி, அந்த மனைவியின் தங்கை. மற்றவர்கள் எழுதும் மென்பொருள் நிரல்களைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அதனால் ஆபீஸ் அவளுக்கு வைத்திருந்த பெயர் நொட்டை. வீட்டில் இளையவள். நல்ல நாற்காலிகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றில் முதலாளியின் பையும் மற்றதில் சின்னவரின் தலைக்கவசமும் உட்கார்ந்திருந்தன.

மேசை நடுவில் ஒரு கடிதம் கிடந்தது. ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் டாக்டர் அனுப்பியது. அவருடைய நிலையத்தின் ரிப்போர்ட்டுகள் எல்லாம் இவர்கள் செய்துகொடுத்த மென்பொருளில்தான் தயாராகின்றன. போன வாரம் ஒரு தையல்காரரின் ரிப்போர்ட் ஒரு பள்ளி ஆசிரியைக்கும், ஆசிரியையுடையது தையல்காரருக்கும் மாறிப் போய்விட்டது. சர்க்கரை நோயே இல்லாத ஆசிரியை அதற்கான மாத்திரையை விழுங்கி, வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருக்கிறாள். ஏன் இப்படி நடந்தது, இனி என்ன செய்யப்போகிறீர்கள், இன்றைக்கே பதில் வேண்டும், கையெழுத்துப் போட்ட காகிதத்தில் வேண்டும், குழுவில் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார் டாக்டர்.

முதலாளிக்கு ஆசிரியை மயங்கியதை விடவும் அந்தக் கடைசி வரிதான் சுருக்கென்று தைத்திருந்தது.

குழு என்பது வேறொன்றுமில்லை. கம்பெனியின் நிரல்கள் எல்லாம் இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. யார் அதில் ஒரு மாற்றத்தைச் சேர்த்தாலும் உடனே சோதனைகள் தாமாக ஓடும். அவற்றின் முடிவு ஒரு ஃபோன் குழு வழியாக எல்லோருக்கும் தானாக வந்து சேரும்படி சின்னவர் ஒரு ஏற்பாடு செய்தார். சோதனை தேறினால் பச்சைக் குறி, தேறாவிட்டால் சிவப்புக் குறி. அரை நாளில் முடிகிற வேலை. அதைப் பற்றி அவர் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நிலாவுக்குக் கம்பி இழுத்துவிட்டு வந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கேக் வெட்டினார்கள். தம்பியின் தோளில் கை போட்டு முதலாளி படம் எடுத்துக்கொண்டார். ஆபீஸ் அதற்குத் தண்டோரா என்று பெயர் வைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். நாம் ராப்பகலாக உழைப்பதை வாடிக்கையாளரும் கண்ணால் பார்க்கட்டுமே என்று முதலாளி டாக்டரையும் அந்தக் குழுவில் சேர்த்தார். மறுநாளே ஒரு சிவப்புக் குறி வந்தது. 'இது என்ன சிவப்பு?' என்று டாக்டர் கேட்டார். முதலாளிக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. தம்பியைக் கூப்பிட்டார். என்ன பிழை என்று கேட்கவில்லை. சிவப்பை நிறுத்தச் சொன்னார். சின்னவரும் நிறுத்தினார். அன்றிலிருந்து குழுவில் பச்சை மட்டும் வந்தது. தேறாத சோதனைகள் களஞ்சியத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் கிடந்தன. உள்ளே போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். போய்ப் பார்க்கிறவள் இளையவள் ஒருத்தி.

புதிதாகச் சேர்த்த ஒரு மாற்றத்தால், ஒரே நிமிடத்தில் இரண்டு பேரைப் பதிவு செய்தால் ரிப்போர்ட் மாறிப்போகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். கண்டதும் சின்னவரின் மேசைக்கே போய்ச் சொன்னாள். சின்னவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபோனை எடுத்துக் காட்டினார்.

"இங்க பாரு. எல்லாம் பச்சை."

"பச்சை மட்டும்தானே வர்ற மாதிரி வெச்சிருக்கீங்க?"

"அப்புறம் என்ன, பச்சைதானே வருது!"

இந்தப் பதிலுக்கு மேல் ஒரு மனுஷி என்ன பேசுவாள்? முதலாளியிடம் போனாள். முக்கியமானது என்றால் குரூப்பில் வருமே என்றார் அவர். சிவப்பை நிறுத்தச் சொன்ன அதே வாய். அந்த மாற்றம் பிழையோடு டாக்டரின் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தேறிய மற்ற சோதனைகளுக்காகக் குழுவில் பச்சைக் குறி விழுந்தது. கும்பிடு, கைதட்டல், மாலை எல்லாம் பொம்மைகளாக வரிசை கட்டி வந்து அதன் கீழே நின்றன.

இப்போது பிழையைத் திருத்தியாகிவிட்டது. ஆனால் அதற்குள் மூன்று வாரங்களின் ரிப்போர்ட்டுகள் வெளியே போயிருந்தன. அவற்றில் எத்தனை மாறியவை என்று யாருக்கும் தெரியாது. தங்களுடையதல்லாத நோய்க்கு எத்தனை பேர் மாத்திரை விழுங்குகிறார்கள், உள்ள நோய்க்கு விழுங்காமல் எத்தனை பேர் நிம்மதியாக நடமாடுகிறார்கள் என்பதும் தெரியாது. அந்த எண்ணம்தான் இளையவளைச் சாப்பிட விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. மற்ற மூவருக்கும் பசி நன்றாகவே எடுத்தது.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"டாக்டருக்குச் சுருக்கமா, மரியாதையா ஒரு பதில் போட்டுடலாம். சோதனையில ஒரு சின்னக் கவனக்குறைவு, திருத்தியாச்சு, மன்னிக்கணும். முடிஞ்சுது."

"யாரோட கவனக்குறைவு அத்தான்?"

அத்தான் கூரையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பதிலைத் தம்பி சொன்னார்.

"சோதனைன்னா நீதானே?"

"நான் உங்க மேசைக்கே வந்து சொன்னேனே!"

"வாயால சொன்னா ஆச்சா? குரூப்ல வரலையே."

இளையவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று ஒரு சந்தேகம். இல்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். கேலி செய்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே.

அக்கா கோப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நமக்குள்ள என்னடி? வெளியாள் பேரைப் போட்டா அவங்க கோவிச்சுக்கிட்டு வேலையை விட்டுப் போயிடுவாங்க. உன் பேருன்னா வீட்டோட போயிடும்."

"அடிக்கறதுக்கு வாகான முதுகு என்னோடதுன்னு சொல்றே."

"வாயைப் பாரு வாயை. உனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்."

"அதைத்தான் தினமும் நினைச்சுக்கறேன்."

"அண்ணி, விடுங்க," என்றார் சின்னவர், பெருந்தன்மையாக. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, எனக்கு ஒரு யோசனை. சிவப்புன்னாதானே பயப்படறாங்க? இனிமே தேறாததுக்கு மஞ்சள் வெச்சுடலாம். பார்க்கவும் மங்களகரமா இருக்கும்."

முதலாளி அதை யோசித்தார். உண்மையாகவே, முகவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். மாறிப்போன ரிப்போர்ட்டுகளுக்காக அந்த முகவாய் ஒரு தடவைகூடத் தடவப்படவில்லை.

இளையவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. என் பேரையே போட்டுக்கறேன். ஆனா ஒரு வரி கட்டாயம் இருக்கணும். இந்த மூணு வாரத்துல போன எல்லா ரிப்போர்ட்டையும் திரும்பச் சரிபாருங்கன்னு."

"அது எதுக்கு?" முதலாளி பதறினார். "அவர் கேட்டது ஒரு டீச்சரைப் பத்தி. இன்னும் இருக்குன்னு நாமளே போய்ச் சொல்லணுமா?"

"இருக்குதே."

"இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"மாத்திரை சாப்பிடறவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்லணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கப்பட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் பெயரைப் போட ஒப்புக்கொண்டாள் என்ற செய்தி அப்போதுதான் மூவருக்கும் மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது. உறைத்ததும் அறையே இளகிவிட்டது. அக்கா தங்கைக்கு டீ வரவழைத்தாள். சின்னவர் தலைக்கவசத்தை எடுத்துக் கீழே வைத்து நல்ல நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

"நீயே எழுதிடு," என்றார் முதலாளி. "உனக்குத்தான் கோர்வையா வரும்."

அது மட்டும் உண்மை. அந்த மூன்று பேரும் சேர்ந்து முக்கினாலும் நாலு வரி உருப்படியாக வராது.

அவள் தன் இடத்துக்குப் போய் எழுதினாள். முதல் பக்கத்தில், மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு என்று தொடங்கி, ஆசிரியைக்கு நேர்ந்ததற்கு வருந்தி, பிழை வெளியே போனபோது சோதனைப் பொறுப்பில் இருந்தவள் நான், தெரிந்தும் அதைத் தடுத்து நிறுத்தாதது என் குற்றம் என்று பெயருடன் எழுதினாள். அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் நேராக டாக்டருக்கே ஒரு ஃபோன் போட்டிருக்கலாம், போடவில்லை. இரண்டாம் பக்கத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை போன ரிப்போர்ட்டுகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும், ஒரே நிமிடத்தில் பதிவானவர்களை உடனே கூப்பிட்டு, ரிப்போர்ட் மாறியிருந்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று எழுதினாள். அதன் கீழே, குழுவுக்குச் சிவப்பு வருவது யார் சொல்லி, யார் கையால், எதற்காக நிறுத்தப்பட்டது என்பதையும் எழுதினாள். கையெழுத்துக்கும் முத்திரைக்கும் அடியில் இடம் விட்டாள்.

முதலாளி முதல் பக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"இதைத்தாம்மா நானும் சொன்னேன். எவ்வளவு அழகா எழுதியிருக்கே!"

"ரெண்டாவது பக்கத்தையும் படிங்க."

"டெக்னிக்கலா?"

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க அத்தான். அதுல உங்க பேரும் இருக்கு."

"முதலாளின்னா பேர் இருக்கத்தானே செய்யும்!" என்று சிரித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி, அடியில் கையெழுத்தைப் போட்டார். சுழித்துச் சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைத்தார். சின்னவர் எத்தனை பக்கம் என்று மட்டும் எட்டிப் பார்த்தார். அக்கா முத்திரையைக் குத்தினாள். அது கோணாமல் விழுந்ததா என்று தலையைச் சாய்த்துச் சரிபார்த்தாள். மேலே இருந்த எழுத்துகள் அவள் கண்ணில் பட்டிருக்கத்தான் வேண்டும். படித்தால்தானே!

ஒரு நிமிடம் இளையவள் காத்திருந்தாள். யாராவது ஒருவர் படித்துவிட்டுக் கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது. கத்தியிருந்தால் அவர்கள் மேல் துளி மரியாதையாவது மிஞ்சியிருக்கும். முதலாளி மஞ்சள் நிறத்தில் எந்த மஞ்சள் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாளை இந்நேரம் அவளுக்கு இங்கே வேலை இருக்காது. அக்கா வீட்டுப் படியும் கொஞ்ச நாளைக்கு ஏற முடியாது. அதையெல்லாம் எழுதும்போதே யோசித்து முடித்திருந்தாள். காகிதங்களை ஓரம் சேர்த்து மடித்து உறையில் வைத்தாள். பசை தடவி, விளிம்பை நகத்தால் நீவி ஒட்டினாள். முகவரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். வரவேற்பில் கூரியர்காரர் நின்றிருந்தார்.

"இன்னிக்கே போய்ச் சேரணும். டாக்டர் கையிலதான் கொடுக்கணும்."

"சரிம்மா," என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைப் பையில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார்.