எண் மாறிய போல்ட்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு துப்பாக்கியை உலைக்குப் போகாமல் மீட்ட பட்டறைக்காரியின் கதை சொல்கிறேன்.

துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய மாமனார் ரைஃபிள் செய்வதில் பேர் போனவர். குழலுக்குப் பின்னால் சாத்தித் திறக்கும் போல்ட்டை மூன்று நாள் கல்லில் தேய்த்துத்தான் பொருத்துவார். குழல், போல்ட் இரண்டிலும் ஒரே எண்ணை அடிப்பார்.

அவர் கண்ணை மூடியபின், அவர் வைத்திருந்த ரைஃபிளின் உரிமத்தை மகள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. துப்பாக்கியை ஒரு வாரம் சோதனைக்கு வாங்கி வைத்த உரிம அலுவலகம் கடிதம் அனுப்பியது: போல்ட்டில் வேறு எண் இருக்கிறது, இது உரிமத்தில் உள்ள துப்பாக்கியல்ல, வெள்ளிக்கிழமை உருக்கப்படும்.

நாத்தனார் கடிதத்தோடு பட்டறைக்கு ஓடி வந்தாள். “அப்பா மறதியில நம்பரை மாத்தி அடிச்சிட்டாரா அண்ணி?”

“மாமா தன் கல்யாணத் தேதியையே மறந்தவரு. நம்பர்ல மறக்கமாட்டாரு. கிளம்பு.”

அலுவலகத்தில் குமாஸ்தாவிடம் அனுமதி வாங்கி, பட்டறைக்காரி போல்ட்டைக் குழலை நோக்கித் தள்ளினாள். பாதி வழியில் உரசியது. மாமனார் கைவேலை உரசாது. இது மாமனாரே வேறு குழலுக்குத் தேய்த்த போல்ட் என்று அவள் விரலுக்கே தெரிந்துவிட்டது. சோதனையின்போது போல்ட்களைக் கழற்றி ஒரே தட்டில் போடுவது அங்கே வழக்கம். மாமனார் செய்த வேறு ரைஃபிள் ஏதாவது அந்த வாரம் சோதனைக்கு வந்ததா என்று கேட்டாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். வந்திருந்தது. கடிதம் அனுப்பிய அதிகாரியின் சொந்த ரைஃபிள்!

அதிகாரியே அதை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். அதன் போல்ட்டில் இருந்தது நாத்தனாருடைய ரைஃபிளின் எண்.

“அப்ப வெள்ளிக்கிழமை ரெண்டையும் சேர்த்தே உருக்குவீங்களா சார்?” என்றாள் நாத்தனார், முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு.

குமாஸ்தா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டறைக்காரி போல்ட்களை மாற்றினாள். நாத்தனாரின் ரைஃபிளைச் சற்றே சாய்த்தாள். யாரும் தள்ளாமலே போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அமர்ந்தது. அதிகாரி வாங்கி, தானும் மூன்று முறை சாய்த்துப் பார்த்தார்.

“இதைச் செஞ்ச கையை ஒரு தடவை பார்த்திருக்கணும்மா,” என்றபடி நாத்தனார் பெயருக்கு உரிமத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் போல்ட் தன் இடம் சேர்ந்தது போல, உங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் உரசாமல் பொருந்தி, நிறைவாய் வாழுங்கள் கண்ணுகளா.