நைத்திரேற்றுப் பாடம்

கொழும்பு வெள்ளவத்தையில் யோகநாதன் சேரின் இரசாயன ரியூசன் வகுப்பில் இரண்டு வருடமாக அருள்நாயகிதான் முதலாவது. போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள் பிறிஜெற். தாயோடு லொட்ஜ் அறையில் இருக்கிறவள், மாற்றிப் போட இரண்டே இரண்டு சட்டை. சேர் பலகையில் சூத்திரத்தை எழுதி முடிக்குமுன் சேர்வையின் பெயரைச் சொல்லிவிடுவாள். அயன் பிணைப்போ பங்கீட்டுப் பிணைப்போ, எதைக் கேட்டாலும் தடக்கமில்லை. "பாத்தீரே அருள், இப்பிடிப் படிக்கவேணும்," என்று சேர் ஒருநாள் சொல்லிவைத்தார். அருள்நாயகிக்கு வயிறு பற்றியெரிந்தது.

சனிக்கிழமை சோதனை. வியாழக்கிழமை பிறிஜெற் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய பாடக்குறிப்புக் கொப்பியை அருள்நாயகி தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். கொப்பி இல்லாமல் என்னத்தை எழுதிக் கிழிக்கிறாள், பார்ப்போம்!

வகுப்பு விட்டு இருவரும் சேர்ந்தேதான் நடந்தார்கள். "கொப்பியைக் காணேல்லையப்பா," என்று பிறிஜெற் வழிநெடுகப் புலம்ப, அருள்நாயகி 'ச்சு' கொட்டிக்கொண்டு வந்தாள்.

காலி வீதிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் அருள்நாயகியின் பையைக் கொட்டினான். ஊர்ப் பிள்ளைகளின் வழக்கப்படி கொப்பியின் முதல் பக்கத்தில் யாழ்ப்பாண விலாசம் முழுவதும், ஆங்கிலத்தில். உள்ளே பொற்றாசியம் நைத்திரேற்று, அமோனியம் நைத்திரேற்று என்று குண்டு மருந்துச் சரக்காகவே பக்கம் பக்கமாக, அதுவும் ஆங்கிலப் பெயர்களோடு. யாருடையது என்று கொப்பியைத் தூக்கிக் காட்டிச் சிங்களத்தில் உறுமினான்.

பிறிஜெற் கொப்பியைப் பார்த்தாள், பிறகு அருள்நாயகியைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. "என்ர கொப்பி. நான்தான் இவவுக்குக் குடுத்தனான்," என்றாள். "வகுப்புப் பாடம் எண்டு சொல்லுமன் அருள், உமக்குச் சிங்களம் தெரியும்தானே."

கொழும்புக் கிருலப்பனையில் சிங்களவர் நடுவே பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கும் இதே பாடம்தான் என்று ஒரு வசனம் போதும். ஆனால் களவெடுத்தவளைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாளே, இதிலும் என்னை முந்திவிட்டாளே என்று அந்த நேரத்திலும் அவளுக்குப் பொறாமைதான் பொங்கியது. "அவளுடையதாம். எனக்கு வேறொன்றும் தெரியாது," என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். பிறிஜெற்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை வினாத்தாளில் அருள்நாயகி ஒரு பெயரும் பிழைவிடவில்லை. முதலாவது இடம் நிச்சயம் என்ற நினைப்போடு வெளியே வந்தால், வாசலில் பிறிஜெற்றின் தாய்.

"நீர்தானே பிள்ளை அருள்? மகள் எந்தநேரமும் உம்மைப் பற்றித்தான் கதைப்பாள். உம்மைப்போல சிங்களம் கதைக்கேலாமல் கிடக்கெண்டு அவளுக்குச் சரியான எரிச்சல்." வாடிக் கறுத்துப்போன முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "பொலிசுக்கு ஒருக்கா என்னோட வாறீரே? எனக்கும் அங்க கதைக்கத் தெரியாது."